அண்ணியின் டர்போ

மரக்கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையின் ஷட்டரைத் திறக்கச் சின்னவள் வந்தபோது, அண்ணி ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கிளினிக்குக்குப் போகிற உடை. தோளில் கைப்பை. கையில் மட்டும் பழைய பேன்ட்டும் சட்டையும் திணித்த ஒரு துணிப்பை. காலருகே ஒரு அட்டைப்பெட்டி.

"கிளினிக் இன்னைக்கு லீவு. பாப்பாவை எங்க அம்மா வீட்ல விட்டாச்சு. டிரெஸ் எங்க மாத்திக்கறது?"

சின்னவள் பின்பக்க அறையைக் காட்டினாள். டயர் அடுக்கி வைக்கிற அறை. ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கிய டாக்டர், டயர்களுக்கு நடுவே நின்று உடை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அண்ணி இந்தக் கொட்டகைக்குள் வரத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் ஒரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. அப்பா விட்டுப்போன ஒர்க்‌ஷாப்பிலிருந்து அண்ணன் தன் தங்கையை வெளியே அனுப்பிய நாளிலிருந்து அப்படி.

எல்லாம் ஒரு மேப்பினால் வந்தது. எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், டர்போ எவ்வளவு காற்றை அமுக்கித் தள்ள வேண்டும் என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற கட்டளைக்குத் தொழிலில் அந்தப் பெயர். அண்ணனின் பந்தயக் காருக்கு அதை எழுதியவள் சின்னவள். அதை வைத்து அண்ணன் மலைப்பாதை ஓட்டத்தில் கோப்பை வாங்கினான். மேடையில் மைக்கைப் பிடித்து, "எல்லாம் நானே உக்காந்து செஞ்சது" என்றான்.

வீட்டுக்கு வந்து சின்னவள் கேட்டாள். அவன் அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தான். சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மகள் மாதக்கணக்கில் மல்லாடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அம்மா. குனிந்த தலை நிமிராமல், "அவன்தான் செஞ்சான்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே அண்ணன் வெளியே போகச் சொல்ல, சின்னவள் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

போன வாரம் அண்ணி தன் சிவப்பு ஹேட்ச்பேக்கோடு வந்து நின்றபோது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "உங்க அண்ணனை மலையில நான் ஜெயிக்கணும், எல்லார் கண்ணு முன்னாடியும்."

ஏன் என்று சின்னவள் கேட்கவில்லை. தனக்கு இருக்கிற காரணமே போதும் என்று காரை லிஃப்டில் ஏற்றிவிட்டாள். வண்டி கம்பெனி சர்வீசில் இருப்பதாக அண்ணி வீட்டில் சொல்லி வைத்தாள். பதிவுப் பட்டியலில் கொட்டகையின் பெயரில் ஒரு வண்டி சேர்ந்தது. ஓட்டுபவர் யார் என்று ஓட்டத்தன்று காலையில் சொன்னால் போதும்.

நாளைக்குத்தான் ஓட்டம்.

"அந்தப் பெட்டியில என்ன அண்ணி?"

வாசலிலிருந்து தூக்கிவந்த அட்டைப்பெட்டியை அண்ணி ஒரு சின்னப் பெருமையோடு திறந்தாள். உள்ளே பளபளவென்று ஒரு டர்போ. பூசணிக்காய் அளவு.

"இருக்கறதுலயே பெருசு. கடைக்காரன் சொன்னான், இதைப் போட்டா குதிரை மாதிரி பாயும்னு."

"பாயும். ஆனா லேட்டா பாயும்." சின்னவள் பெட்டியை மூடினாள். "பெரிய டர்போ சுத்தி எழுந்திரிக்க நேரம் எடுத்துக்கும். நேர் ரோடா இருந்தா பரவாயில்ல. நம்ம மலையில வளைவு முடிஞ்சா வளைவு. இது சோம்பல் முறிச்சு எழுந்து வர்றதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும், நீங்க பிரேக்ல கால் வெச்சிருப்பீங்க."

"அப்போ கம்பெனி டர்போவே போதுமா?"

"நல்லா இருந்தா போதும். அது மூச்சுத் திணறாம பாத்துக்கணும், அவ்வளவுதான். பெரிய இன்டர்கூலர் மாட்டியாச்சு, உள்ள போற காத்து சூடாகாது. இன்னைக்கு முன்பக்கத்துச் சைலன்சர் குழாயை அகலமா மாத்தறோம். அப்புறம் பிரேக், டயர். கடைசியா மேப்."

"கூடவே வேகமும் வேணும்."

"அண்ணன் எங்க ஜெயிக்கறான்னு நினைக்கறீங்க? வளைவுக்குள்ள எல்லாரையும் விட லேட்டா பிரேக் பிடிப்பான். அங்கதான் அவனை அடிக்கணும்."

அண்ணிக்குக் கார் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அதே மலைப்பாதையில் அவளும் ஓட்டியவள்; அண்ணனை முதலில் பார்த்ததே அங்கேதான். பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"சரி, திருப்பிக் குடுத்துடலாம். ஸ்பானரைக் கொடு."

பழைய குழாயைக் கழற்றியபோதுதான் சின்னவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. டர்போவின் வாய் திறந்து கிடந்தது. உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். ஆடக் கூடாத சக்கரம் ஆடும் பல்லைப் போல ஆடியது. விரல் நுனியில் எண்ணெய்.

"வண்டி வாங்கி ரெண்டு வருஷம்தானே ஆகுது? பந்தயத்துக்கு எதுக்காவது எடுத்துட்டுப் போனீங்களா?"

"ஸ்கூல், கிளினிக், வீடு. அதைத் தாண்டி அது எங்க போச்சு?"

சின்னவள் டார்ச்சை அடித்தாள். டர்போ கூட்டின் கீழ்ப்பக்கம் அவள் கண்ணுக்கு எட்டவில்லை. அண்ணி தன் கைப்பையைத் துழாவி, நீளக் காம்பு வைத்த ஒரு குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். கடைவாய்ப் பல் பார்க்கிற கண்ணாடி. அதைச் சந்துக்குள் நுழைத்தாள்.

"ஏதோ கீறியிருக்கு. ஒரு எழுத்து. கண்ணாடியில திரும்பித் தெரியுது... 'சி'."

சின்னவளின் கை நின்றது.

"என்ன?"

"நான் கீறினது அண்ணி. நான் ரிப்பேர் பண்ற டர்போவுல எல்லாம் ஊசியால 'சி' போடுவேன். ஆனா உங்க வண்டியை நான் தொட்டதே இல்லையே."

"அப்போ இது?"

"இது அண்ணனோட பந்தய வண்டியில இருந்த டர்போ."

சின்னவள் அடுத்ததாக முன்சக்கரங்களைக் கழற்றினாள். அவளுக்கு இப்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து, விளிம்பு மட்டும் வரப்பு மாதிரி நின்றது. நடுவில் நீலம் பாரித்திருந்தது. இரும்பு அப்படி நிறம் மாற வேண்டுமானால் மலையில் அடித்து ஓட்டி, அடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போய் வருகிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

"போன வருஷம் ஓட்டத்துக்கு முன்னாடி வண்டியை வாங்கிட்டுப் போனானா?"

"சர்வீஸ் பண்ணித் தரேன்னு வாங்கிட்டுப் போனார். ஒரு வாரம் வெச்சிருந்தார்."

"அப்போ புது டர்போ ஆர்டர் போட்டு வந்து சேரலைன்னு குதிச்சிட்டு இருந்தான். திடீர்னு ஒருநாள் கிடைச்சிடுச்சுன்னான். உங்க வண்டியும் அவன் வண்டியும் ஒரே மாடல். உங்களுதைக் கழட்டி அவன் போட்டுக்கிட்டு, அவனோட கழிசடையை உங்களுக்கு மாட்டியிருக்கான். பிரேக்கையும் சேர்த்து."

அண்ணி டிஸ்க்கின் நீலத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஸ்கூல் பக்கத்து இறக்கத்துல ஒருநாள் பிரேக் பிடிக்கல. பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சுவரை உரசி நிறுத்தினேன். பாப்பா பின்னாடி உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்து அழுதுட்டே சொன்னேன். விருந்தாளி எல்லாம் இருந்தாங்க. அவர் சிரிச்சார். 'பல் பிடுங்கற கைக்கு ஸ்டியரிங் எதுக்கு'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் நம்பினேன், தெரியுமா? எனக்குத்தான் ஓட்டறது மறந்து போச்சுன்னு. அந்தச் சிரிப்புக்காகத்தான் உன்கிட்ட வந்தேன்."

அவள் எழுந்து கையைத் துடைத்தாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சிரிக்கும்போதே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'அவர்', 'அவன்' ஆனது. சொன்னவளும் அதைக் கவனிக்கவில்லை. கேட்டவள் கவனித்தாள்.

அப்போது தெருவில் ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டு திரும்பியது. இரண்டு பேருக்குமே அந்தச் சத்தம் தெரியும். சின்னவள் தார்பாலினை இழுத்து லிஃப்டில் இருந்த காரை மூடினாள். அண்ணி டயர் அறைக்குள் பாய்ந்தாள்.

அண்ணன் தன் பந்தயக் காரைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்தி இறங்கினான்.

"என்ன குட்டி, எப்படி இருக்கே?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு வருகிற கேள்வி. நேற்று மாலைதான் பார்த்துப் பிரிந்தது மாதிரி கேட்டான். சின்னவள் ஸ்பானரைத் துடைத்தாள்.

"என்ன வேணும்?"

"அம்மா உன்னையே கேட்டுட்டு இருக்கா."

"உனக்கு என்ன வேணும்னு கேட்டேன்."

அவன் சிரித்தான். கோபமே வராத சிரிப்பு. காரியம் இருக்கும்போது மட்டும் வரும். "நாளைக்கு ஓட்டம். நேத்து ஓட்டிப் பாக்கறப்போ ஏத்தத்துல எஞ்சின் தட்டுது. வெயில் ஜாஸ்தி. மேப்ல கொஞ்சம் இறக்கிவிட்டா சரியாகிடும். திறக்கலாம்னு பாத்தா பாஸ்வேர்டு கேக்குது."

"நீ செஞ்ச மேப்தானே? பாஸ்வேர்டு உனக்குத் தெரியாதா?"

"பழசை எல்லாம் கிளறாதே. கூடப் பொறந்தவன் வாசல்ல வந்து நிக்கறேன்." தார்பாலினைப் பார்த்தான். "இது யார் வண்டி?"

"ஒரு டாக்டரோடது."

"நாளைக்கு ஓட்டறாரா? ஓட்டட்டும், ஓட்டட்டும். நம்ம வீட்லயும் ஒரு டாக்டர் இருக்கா. பார்க்கிங்கே வராது."

டயர் அறையில் ஏதோ விழுந்து உருண்டது.

"எலி" என்றாள் சின்னவள்.

அவன் சாவியை மேஜையில் வைத்தான். "சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். பழைய மாதிரி ஆக்கிக் குடு, போதும்."

சின்னவள் அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "பழைய மாதிரியே ஆக்கிடறேன்."

அவன் ஆட்டோ பிடித்துப் போனதும் அண்ணி வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. நேராக மேஜைக்குப் போய்ச் சாவியை எடுத்தாள்.

"எரிச்சுடு."

"அண்ணி..."

"உன்னால முடியுமா, முடியாதா?"

முடியும். அதைத்தான் சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து, டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். வாசலில் கிளப்பும்போது தேனாக ஓடும். மலையில் பாதி ஏற்றத்தில் பிஸ்டன் உருகிவிடும். லேப்டாப்பைத் திறந்தாள், வயரைச் சொருகினாள், பாஸ்வேர்டைப் போட்டாள். அவள் எழுதிய எண்கள் திரை நிறைய வந்து நின்றன. எந்தக் கட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விரல் அந்தக் கட்டத்தின் மேல் இருந்தது. ஒரு வருஷமாக இந்த நிமிஷத்தை எத்தனை விதமாகக் கற்பனை செய்திருப்பாள்!

"அமுக்கு" என்றாள் அண்ணி.

சின்னவள் விரலை எடுத்தாள்.

"மனசு வரலையா? உங்க அண்ணன்னா?"

"மனசெல்லாம் எப்பவோ வந்தாச்சு. எஞ்சின் எரிஞ்சா நாளைக்கு என்ன சொல்வான்? தங்கச்சிகிட்ட குடுத்தேன், பொம்பளை கை பட்டுது, எரிஞ்சிடுச்சும்பான். ஊரே ஐயோ பாவம்னு அவன் தோள்ல கை போடும். அவன் வாய்க்கு நானே கதை எழுதிக் குடுக்கணுமா? நல்லா ஓடற வண்டியில தோத்தான்னா, சொல்றதுக்கு அவன்கிட்ட ஒண்ணும் இருக்காது."

அண்ணி அவளையே பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள என் டர்போ இருக்கு."

"உங்க பிரேக்கும் இருக்கு. என் மேப்பும் இருக்கு."

அண்ணி ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் அவன் காரின் பானெட்டைத் தூக்கினாள்.

மதியம் முழுக்க வேலை. அண்ணன் வண்டியின் எஞ்சின் ஆறுவதற்குப் பெரிய ஃபேனை வைத்தார்கள். பொறுமையில்லாமல் கையை விட்ட அண்ணியின் மணிக்கட்டில் ஒரு கோடு சூடு விழுந்தது. "பரவாயில்ல, வலது கை இல்ல" என்று தண்ணீரில் காட்டிவிட்டுத் திரும்ப வந்தாள். பிடுங்குவது அவள், பிடிப்பது சின்னவள். துருப்பிடித்த ஒரு போல்ட் அசையாமல் படுத்தியது. அண்ணி அதைக் கடைவாய்ப் பல்லை அசைப்பது போல இப்படியும் அப்படியும் மெல்ல மெல்ல ஆட்டியே எடுத்துவிட்டாள்.

அண்ணியின் டர்போ அண்ணியின் காருக்கு வந்தது. அவளுடைய டிஸ்க்குகளும் வந்தன. அவை இன்னும் நல்ல கனத்தில்தான் இருந்தன. பந்தயத்துக்குத் தாங்குகிற பிரேக் பேடுகளைச் சின்னவள் புதிதாகப் போட்டாள். கொதிக்காத பிரேக் ஆயில் ஊற்றினாள். ஒட்டிப் பிடிக்கிற டயர்களை மாட்டினாள். 'சி' கீறிய டர்போ அண்ணன் காருக்கே திரும்பிப் போனது.

"அந்த நீல டிஸ்க்கையும் அவனுக்கே மாட்டிடு" என்றாள் அண்ணி.

"மாட்டேன்." சின்னவள் அலமாரியிலிருந்து புது டிஸ்க் ஜோடி ஒன்றை எடுத்தாள். "தோக்கறதுக்கு அவன் உயிரோட மேல போய்ச் சேரணும்."

அண்ணி முணுமுணுத்தாள், ஆனால் டிஸ்க்கை அவளே வாங்கி மாட்டினாள்.

கடைசியாக லேப்டாப். அண்ணன் வண்டியிலிருந்த தன் மேப்பை அழித்து, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த மேப்பை ஏற்றினாள். அண்ணியின் வண்டிக்கு, ஒரு வருஷமாகக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து செதுக்கிய புது மேப்.

அண்ணன் வரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கொட்டகைக்குள் காலை வைத்தவன், சாவியை நீட்டிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்துத் திகைத்தான். முழங்கை வரை கிரீஸ்.

"நீ இங்க என்ன பண்றே?"

"பார்க்கிங் கத்துக்க வந்தேன்."

தார்பாலின் இல்லாமல் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். ஏதோ புரிந்தவனாக ஓடிப்போய்த் தன் காரின் பானெட்டைத் தூக்கினான். தொழில் தெரிந்தவன்தானே, பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"பழைய மாதிரி ஆக்கிக் குடுன்னியே" என்றாள் சின்னவள். "எஞ்சின் இனிமே தட்டாது. கம்பெனி மேப்தான் இருக்கு. பிரேக் மட்டும் புதுசு. பிரேக் இல்லாத வண்டியை ஒருத்தருக்கு ஓட்டக் குடுக்கற பழக்கம் எனக்கு இல்ல."

"என் வண்டியைத் திருடியிருக்கீங்க ரெண்டு பேரும்!"

"கத்துங்க" என்றாள் அண்ணி. "நல்லா சத்தமா கத்துங்க. மரக்கடையில ஆளுங்க இருக்காங்க, ஓடி வருவாங்க. என்ன திருடினாங்கன்னு கேப்பாங்க. சொல்லுங்களேன், நானும் கேக்கறேன்."

அவன் மரக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பானெட்டை இறக்கினான்.

"உங்களுக்குன்னு சொந்தமா எது இருக்கோ, அது மட்டும்தான் இப்போ உங்க வண்டியில இருக்கு" என்றாள். "அதை வெச்சு ஜெயிச்சுக் காட்டுங்க."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினான். கிளப்பியதும் பின்னால் மெல்லிய நீலப் புகை வந்தது. கண்ணாடியை இறக்கி, "வீட்டுக்கு வந்துடாதே" என்றான்.

"வீட்டுக்கு வரல. மலைக்கு வரேன்."

புகை தெருமுனையில் திரும்பி மறைந்ததும் அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சின்னவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சக்கரத்து நட்டுகளைக் கடைசித் தடவை இறுக்கினார்கள், கருவிகளைத் துடைத்து அடுக்கினார்கள், ஃப்ளாஸ்கில் மிச்சமிருந்த ஆறிப்போன காபியைப் பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டார்கள். அப்போதுதான் போன் அடித்தது.

திரையில் 'அம்மா' என்று வந்தது. ஒரு வருஷமாக வராத அழைப்பு.

"ம்" என்றாள் சின்னவள்.

"உங்க அண்ணன் வந்து வீட்டையே ரெண்டாக்கறான்டி." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு நான் மலைக்கு வரணுமாம். எல்லார் முன்னாடியும் அந்த மேப்பு அவன் செஞ்சதுதான், நீ திருடிட்டேன்னு சொல்லணுமாம்."

"சொல்லேன். உனக்கென்ன புதுசா?"

எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் கடந்து போவது கேட்டது. அம்மா வீட்டுக்குள் இல்லை.

"மாட்டேன்னுட்டேன்" என்றாள் அம்மா. "ஒரு தடவை சொன்னதே இன்னும் தொண்டையில நிக்குதுடான்னேன். அப்படின்னா வெளியே போன்னான். தெருவுல நிக்கறேன். நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

இப்படி ஒரு போன் வந்தால் என்ன சொல்வது என்று சின்னவள் யோசித்து வைத்திருந்தாள். அன்றைக்கு டூல் பாக்ஸோடு நான் தெருவில் நின்றபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டது யார் என்று கேட்க வேண்டும். நட்டு முடுக்கும்போதும் தனியாகச் சாப்பிடும்போதும் சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்து மெருகேற்றிய வாக்கியம். அது இப்போது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"நான் வரமாட்டேன்மா" என்றாள். "அண்ணியை அனுப்பறேன். அங்கயே நில்லு."

அண்ணன் அம்மாவை வெளியே தள்ளிவிட்டதைச் சொல்லிவிட்டுப் போனை மேஜையில் குப்புற வைத்தாள். அண்ணி காரில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் உயிர்பெற்று, டர்போ மெல்ல விசிலடித்தது. கொட்டகையை விட்டு வெளியே போனதும் நிறுத்தி, கண்ணாடி வழியே தலையை நீட்டினாள்.

"அத்தையை எங்க கொண்டு விடட்டும்? இங்கயா, எங்க அம்மா வீட்டுக்கா?"

சின்னவள் ஷட்டரின் கொக்கியைப் பிடித்தபடி நின்றாள்.

"முதல்ல கூட்டிட்டு வாங்க" என்றாள். "எங்கன்னு அவ மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்றேன்."